பூஜ்ஜியம் என்று சொன்னால் போதுமா?

1953-ல் நடந்த பெயர் மாற்றப் போராட்டத்தால் தமிழக அரசியல் வரலாற்றில் இடம்பிடித்த ஊர் கல்லக்குடி. திருச்சி மாவட்டத்திலுள்ள அந்த ஊரில் 1939-ல் சிமெண்ட் ஆலை தொடங்கிய டால்மியா குழுமம், 2018-ல் ஓர் இலக்கை அறிவித்தது. 2040-க்குள் தன் சிமெண்ட் தொழில் ‘கார்பன் நெகட்டிவ்’ ஆகிவிடும் என்றது. காற்றில் சேர்க்கும் கார்பன் டை ஆக்சைடைவிட அதிகமாக அகற்றும் நிலைக்கு வந்துவிடும் என்று பொருள்.

வேறு தொழில் செய்பவர்கள் சொல்லியிருந்தால் இதில் பெரிய வியப்பில்லை. சிமெண்ட்டின் சிக்கல் எரிபொருளோடு முடிவதில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது அது சுண்ணாம்பாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ வாயுவாகப் போய்விடும். நிலக்கரியை நிறுத்திவிட்டுச் சூரிய வெப்பத்தில் சுட்டாலும் இந்த 44 கிலோ குறையாது. சிமெண்ட் ஆலையின் சூளையிலிருந்து வெளியேறும் உமிழ்வில் ஏறக்குறைய 60 சதவீதம் கல்லிலிருந்தே வருவது. உலகின் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் 7 முதல் 8 சதவீதம் இந்த ஒரு தொழிலுடையது.

இவ்வளவு கடினமான தொழிலே ஆண்டு குறித்து வாக்குக் கொடுக்கிறது. மென்பொருள், துணி, கார், வங்கி என்று எந்தத் துறையை எடுத்தாலும், ‘நிகர பூஜ்ஜியம்’ பற்றிப் பேசாத பெருநிறுவனம் இன்று அபூர்வம். இந்த இலக்குகளை எப்படி வகுக்கிறார்கள்? 2030-க்குள் 42 சதவீதம் என்பது போன்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன? எந்த இலக்கை நம்பலாம், எதை நம்பக்கூடாது?

முதல் வேலை கணக்கெடுப்பு

எவ்வளவு உமிழ்கிறோம் என்று தெரியாமல் எவ்வளவு குறைப்போம் என்று சொல்ல முடியாது. ஆனால் புகைபோக்கி ஒவ்வொன்றிலும் கருவி வைத்து அளக்கும் நிறுவனங்கள் குறைவு. பெரும்பாலும் இது கணக்குப்பிள்ளை வேலைதான். டீசல் பில், மின்கட்டண ரசீது, நிலக்கரி கொள்முதல் பதிவு, குளிர்சாதனத்தில் நிரப்பிய வாயுவின் அளவு ஆகியவற்றைத் திரட்டி, ஒவ்வொன்றையும் அதற்குரிய ‘உமிழ்வுக் காரணி’யால் பெருக்குவார்கள்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஒரு கிலோ எடைகூட இல்லாத டீசலிலிருந்து இவ்வளவு வருவதற்குக் காரணம், டீசலில் உள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களை இழுத்துக்கொள்வது. 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. இந்திய மின்தொகுப்பிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இதே கணக்கு ஏறக்குறைய 0.7 கிலோ, நிலக்கரி மின்நிலையங்களை நாம் அதிகம் நம்பியிருப்பதன் விளைவு அது.

கார்பன் டை ஆக்சைடு மட்டுமே வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இல்லை. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 28 மடங்கு வலியது. ஏசி இயந்திரங்களில் இருக்கும் ஆர்-410ஏ என்ற வாயு சுமார் 2,000 மடங்கு வலியது. அது ஒரு கிலோ கசிந்தால் கணக்கில் இரண்டு டன் ஏறும். இப்படி எல்லா வாயுக்களையும் ஒரே அலகுக்கு மாற்றி, ‘கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான டன்’ என்று எழுதுவது வழக்கம்.

இந்தக் கணக்கை எழுதும் முறையை உலக வள நிறுவனமும், நீடித்த வளர்ச்சிக்கான உலக வணிகக் கூட்டமைப்பும் சேர்ந்து 2001-ல் வகுத்தன. ‘ஜி.எச்.ஜி. புரோட்டோகால்’ என்று அதற்குப் பெயர். நிறுவனங்கள் பயன்படுத்தும் கார்பன் கணக்குமுறைகள் பெரும்பாலும் அதன் வழி வந்தவையே.

யாருடைய புகை?

அந்த நெறிமுறை உமிழ்வை மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறது. நிறுவனத்தின் சொந்தச் சூளை, கொதிகலன், லாரி ஆகியவற்றிலிருந்து வருவது ஸ்கோப் 1. அது விலைகொடுத்து வாங்கும் மின்சாரத்துக்காக வேறெங்கோ மின்நிலையத்தில் எழும் புகை ஸ்கோப் 2. மூலப்பொருள் தயாரிப்பு முதல் விற்ற பொருளின் பயன்பாடு வரை, நிறுவனத்துக்கு முன்னும் பின்னும் நீளும் சங்கிலி முழுவதும் ஸ்கோப் 3. இந்த மூன்றாவது வட்டத்துக்குள் மட்டும் 15 பிரிவுகள் இருக்கின்றன.

இலக்கின் நேர்மையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த மூன்றாம் வட்டம்தான். எண்ணெய் நிறுவனம் ஒன்று தன் கிணறுகளையும் சுத்திகரிப்பு ஆலைகளையும் மட்டும் கணக்கில் எடுத்து ‘பூஜ்ஜியம்’ என்று அறிவிக்கலாம். அது விற்ற பெட்ரோலும் டீசலும் எரிவதால் வரும் உமிழ்வு, அதன் மொத்தக் கணக்கில் மிகப் பெரிய பங்கு. அதை விட்டுவிட்டுச் சொல்லும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பு குறைவு.

திருப்பூரில் இது நேராகவே தெரியும். உலக பிராண்டுகளுக்குப் பின்னலாடை தைத்துத் தரும் ஊர் அது. அங்குள்ள சாயப்பட்டறையின் கொதிகலனும், சாயக்கழிவு நீரை ஒரு சொட்டுகூட வெளியேற்றாமல் சுத்திகரிக்க ஓடும் ஆவியாக்கிகளும் பட்டறைக்காரருக்கு ஸ்கோப் 1, ஸ்கோப் 2. அந்தத் துணியை வாங்கி விற்கும் ஐரோப்பிய நிறுவனத்துக்கு அவையே ஸ்கோப் 3. ஸ்வீடனின் எச் அண்ட் எம் நிறுவனம் 2019-ஐ அடிப்படையாக வைத்து 2030-க்குள் மூன்று வட்டங்களிலும் 56 சதவீதம் குறைப்பதாக இலக்கு வைத்திருக்கிறது. துணி நிறுவனம் ஒன்று அப்படிச் சொன்னால், குறைக்கும் வேலையில் பெரும்பகுதி அதன் சொந்தக் கடைகளில் நடக்கப்போவதில்லை. நெய்து, சாயமேற்றி, தைத்துக் கொடுக்கும் ஊர்களில்தான் நடந்தாக வேண்டும். அதற்கான செலவை வாங்குபவர் ஏற்பாரா, விற்பவர் தலையில் கட்டுவாரா என்பதை இலக்கு சொல்வதில்லை.

ஸ்கோப் 2-லும் ஒரு நெளிவு உண்டு. நிறுவனம் ஏதோ ஒரு காற்றாலையின் ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழை’ வாங்கிக்கொண்டு, தன் மின்சாரத்துக்குப் புகையே இல்லை என்று எழுதலாம். அதன் ஆலைக்கு வரும் மின்சாரம் நேற்று வந்ததேதான். அந்தக் காற்றாலையும் சான்றிதழ் விற்காவிட்டாலும் சுழன்றிருக்கும். 2022-ல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் வந்த ஆய்வு, இத்தகைய சான்றிதழ்களைக் கழித்துவிட்டுப் பார்த்தது. ஆராய்ந்த நிறுவனங்களின் 2015 முதல் 2019 வரையான ஸ்கோப் 2 குறைப்பு, புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தும் பாதைக்குப் போதவில்லை என்று தெரிந்தது. இதே போக்கு நீடித்தால், வாக்களித்த ஸ்கோப் 2 குறைப்பில் 42 சதவீதம் நடைமுறையில் நிகழாது என்றும் அது கணித்தது.

எந்த ஆண்டிலிருந்து, எந்த அளவில்?

கணக்கு முடிந்ததும் அடிப்படை ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 50 சதவீதம் குறைப்போம் என்றால், எதிலிருந்து 50? உற்பத்தி உச்சத்தில் இருந்த ஆண்டை எடுத்தால், எந்த முயற்சியும் இல்லாமலே பாதி இலக்கு நிறைவேறியதாகத் தோன்றும். ஆலைகள் மூடிக்கிடந்த கொரோனா ஆண்டான 2020-ஐ எடுத்தால் நிலைமை தலைகீழ். எனவே வழக்கமான ஓர் ஆண்டையே எடுக்க வேண்டும் என்பது விதி. நிறுவனம் தன் நிலக்கரி மின்நிலையத்தை இன்னொருவருக்கு விற்றுவிட்டால் அடிப்படை ஆண்டின் கணக்கையும் திருத்தியாக வேண்டும். அந்தப் புகை இப்போதும் வானத்துக்குத்தான் போகிறது. கணக்குப் புத்தகம் மட்டுமே மாறியிருக்கிறது.

அடுத்து வருவது, மொத்த டன்னைக் குறைப்பதா, ஒரு டன் உற்பத்திக்கான உமிழ்வைக் குறைப்பதா என்ற கேள்வி. ஓர் ஆலை ஆண்டுக்கு ஒரு கோடி டன் சிமெண்ட் செய்கிறது, டன்னுக்கு 600 கிலோ உமிழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 லட்சம் டன். பத்தாண்டில் அதை 480 கிலோவாகக் குறைத்துவிட்டது. விளம்பரத்தில் ‘20 சதவீதம் குறைத்துவிட்டோம்’ என்று போடலாம், பொய்யில்லை. அதே பத்தாண்டில் உற்பத்தி ஒன்றரைக் கோடி டன்னாக வளர்ந்திருந்தால் மொத்த உமிழ்வு 72 லட்சம் டன். அதாவது 20 சதவீதம் கூடியிருக்கிறது. பைக்கின் மைலேஜ் கூடினாலும் ஓட்டும் தூரம் அதைவிட வேகமாகக் கூடினால் பெட்ரோல் செலவு ஏறத்தான் செய்யும்.

இதற்காக விகித இலக்குகள் எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. டென்மார்க்கின் டாங் எனர்ஜி நிறுவனம் நிலக்கரியை எரித்து மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தது. 2006-ஐ அடிப்படையாக வைத்து, 2025-க்குள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கும் வெப்பத்துக்குமான உமிழ்வை 98 சதவீதம் குறைப்பதாக அது வைத்த இலக்கும் விகித இலக்குதான். ஆனால் அதற்காக அந்த நிறுவனம் தன் தொழிலையே மாற்றியது. 2017-ல் எண்ணெய், எரிவாயு உற்பத்திப் பிரிவை விற்றது. பெயரை ஓர்ஸ்டெட் என்று மாற்றிக்கொண்டு கடல் காற்றாலைகளில் முதலீடு செய்தது. 2024-ல் தன் கடைசி நிலக்கரி ஆலையை மூடியது. விகிதம் 98 சதவீதம் சரியும்போது, உற்பத்தி பல மடங்கு வளர்ந்தாலும் மொத்த உமிழ்வும் சரிந்தே தீரும்.

4.2 சதவீதம் வந்த வழி

2015-ல் பாரிஸ் ஒப்பந்தம் புவி வெப்ப உயர்வை 2 டிகிரிக்குக் கணிசமாகக் கீழே வைக்கவும், 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயலவும் நாடுகளைக் கட்டியது. நாடுகளின் வாக்கை நிறுவனங்களின் கணக்காக மாற்ற அதே ஆண்டில் ஓர் அமைப்பு உருவானது. சிடிபி, ஐ.நா. குளோபல் காம்பாக்ட், உலக வள நிறுவனம், டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஆகியவை சேர்ந்து தொடங்கிய ‘சயின்ஸ் பேஸ்டு டார்கெட்ஸ் இனிஷியேட்டிவ்’ அது, சுருக்கமாக எஸ்.பி.டி.ஐ. நிறுவனம் அனுப்பும் இலக்கு அறிவியலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து ஒப்புதல் தருவது அதன் வேலை.

அது நம்பியிருக்கும் அறிவியல் எளியது. பூமி எவ்வளவு சூடாகிறது என்பது, தொழிற்புரட்சி முதல் இன்றுவரை நாம் காற்றில் சேர்த்த கார்பன் டை ஆக்சைடின் மொத்தத் தொகைக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு வெப்பநிலையில் நிற்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு மொத்த ஒதுக்கீடுதான் உண்டு. 1.5 டிகிரிக்குள் நிற்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமானால், 2020-ன் தொடக்கத்திலிருந்து இன்னும் 50,000 கோடி டன் மட்டுமே உமிழலாம் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. மதிப்பிட்டது. உலகம் ஓர் ஆண்டில் உமிழ்வது சுமார் 4,000 கோடி டன்.

இந்த ஒதுக்கீட்டுக்குள் அடங்கும் பாதைகளின் தொகுப்பிலிருந்து எஸ்.பி.டி.ஐ. எடுத்த எண்தான் 4.2 சதவீதம். அடிப்படை ஆண்டின் உமிழ்வில் 4.2 சதவீதத்தை ஒவ்வோர் ஆண்டும் குறைக்க வேண்டும். 2020-ல் ஒரு லட்சம் டன் உமிழ்ந்த நிறுவனம் ஆண்டுக்கு 4,200 டன் வீதம் குறைத்து 2030-ல் 58,000 டன்னுக்கு வர வேண்டும். பல நிறுவனங்களின் அறிக்கைகளில் 42 சதவீதம் என்ற எண் திரும்பத் திரும்ப வருவதன் ரகசியம் இதுதான். ஸ்கோப் 3 மொத்தத்தில் 40 சதவீதத்தைத் தொட்டால் அதற்கும் தனியாக இலக்கு வைக்க வேண்டும். சிமெண்ட், எஃகு, மின்சாரம் போன்ற துறைகளுக்கு, துறை முழுவதும் ஒரே விகிதத்தை நோக்கிச் சேரும் தனிப் பாதைகளும் உண்டு.

இந்த முறையில் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே சதவீதம் என்றால், நேற்றுவரை அதிகம் உமிழ்ந்தவருக்கு நாளையும் அதிகம் உமிழ உரிமை கிடைக்கிறது. முன்கூட்டியே சிக்கனமாக மாறியவருக்கும், இப்போதுதான் வளரத் தொடங்கிய நாட்டின் நிறுவனத்துக்கும் அதே சுமை. ஒதுக்கீட்டின் அளவை அறிவியல் சொல்லும். அதை யாருக்கு எவ்வளவு பங்கிடுவது என்று அது சொல்லாது. ‘அறிவியல் அடிப்படையிலான இலக்கு’ என்ற பெயருக்குள் ஒரு நியாயத் தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது.

மொத்தத் தொகைதான் வெப்பத்தைத் தீர்மானிக்கிறது என்பதால், இலக்கு ஆண்டைவிட அதற்குச் செல்லும் பாதை முக்கியம். ஆண்டுக்கு 100 டன் உமிழும் இரண்டு நிறுவனங்கள் 2050-ல் பூஜ்ஜியம் என்று 2020-ல் வாக்களிக்கின்றன. முதலாவது ஆண்டுதோறும் சீராகக் குறைக்கிறது. முப்பது ஆண்டில் அதன் மொத்த உமிழ்வு 1,500 டன். இரண்டாவது 2040 வரை எதையும் தொடாமல், கடைசிப் பத்தாண்டில் அவசரமாகக் குறைக்கிறது. அதன் மொத்தம் 2,500 டன். இருவரும் சொன்ன நாளில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டார்கள். வானத்தின் கணக்கிலோ பத்தாண்டுப் புகை கூடுதல்.

மிச்சத்தை என்ன செய்வது?

‘நிகர’ என்ற சொல்லுக்கு நடைமுறையில் பெரிய வேலை உண்டு. குறைக்க முடியாததை வேறிடத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற அனுமதி அது. அந்த அனுமதியின் எல்லையைத்தான் எஸ்.பி.டி.ஐ. 2021-ல் வெளியிட்ட நிகர பூஜ்ஜியத் தரம் வரையறுத்தது. பெரும்பாலான துறைகள் 2050-க்குள் உமிழ்வை 90 சதவீதமாவது உண்மையிலேயே குறைக்க வேண்டும். மீதியை மட்டும், காற்றிலிருந்து கார்பனை அகற்றி நிரந்தரமாகப் பூட்டிவைக்கும் வழிகளால் ஈடுசெய்யலாம்.

வேறிடத்தில் உமிழ்வு தவிர்க்கப்பட்டது என்பதற்கான சான்றாகச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கார்பன் கிரெடிட்டுகள் இதற்கு ஈடாகாது. அவற்றில் பல, ‘நாங்கள் காப்பாற்றியிராவிட்டால் இந்தக் காடு அழிந்திருக்கும்’ என்ற ஊகத்தின்மேல் நிற்பவை. ஆறு நாடுகளில் 26 காடு காக்கும் திட்டங்களை ஆராய்ந்து 2023-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை, அவற்றில் பெரும்பாலானவை காடழிப்பைக் கணிசமாகக் குறைக்கவில்லை என்று காட்டியது. இருந்தும் கிரெடிட்டுகளின் ஈர்ப்பு குறையவில்லை. 2024 ஏப்ரலில் எஸ்.பி.டி.ஐ.யின் அறங்காவலர் குழுவே ஸ்கோப் 3-க்கு அவற்றை அனுமதிக்கலாம் என்று அறிவிக்க, ஊழியர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். சில மாதங்களில் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார்.

சிமெண்ட் போன்ற தொழிலுக்கு மிச்சம் என்பது உண்மையான சிக்கல். நிலக்கரிச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் கலந்து, சுட்ட சுண்ணாம்புக்கல்லின் பங்கைக் குறைக்கலாம், கழிவுகளை எரிபொருளாக்கலாம், சூரிய மின்சாரத்துக்கு மாறலாம். இவை எல்லாம் போக, கல்லிலிருந்து வரும் வாயுவைப் பிடித்து வைப்பதைத் தவிர வழியில்லை. நார்வேயின் பிரெவிக் நகரில் ஹைடல்பெர்க் மெட்டீரியல்ஸ் 2025-ல் அதைச் செய்யத் தொடங்கியது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கடலடிப் பாறைகளுக்குள் செலுத்தும் திட்டம் அது. அந்த ஆலையின் உமிழ்வில் இது ஏறக்குறையப் பாதிதான். அதற்கே நார்வே அரசின் பெரும் நிதியுதவி தேவைப்பட்டது.

வாக்குத் தவறினால்?

2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், 2030-க்குள் கார்பன் நெகட்டிவ் ஆவோம் என்றது. 1975-ல் தொடங்கிய நாள் முதல், நேரடியாகவும் மின்சாரம் வழியாகவும் உமிழ்ந்த அத்தனையையும் 2050-க்குள் அகற்றுவோம் என்றும் அறிவித்தது. 2024-ல் வந்த அதன் அறிக்கையின்படி உமிழ்வு 2020-ஐவிட 29.1 சதவீதம் கூடியிருந்தது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் தரவு மையங்களின் கான்கிரீட், எஃகு, சிப்புகள் எல்லாம் அதன் ஸ்கோப் 3-ல் ஏறிவிட்டன. சிமெண்ட்காரரின் சூளைப் புகை மென்பொருள் நிறுவனத்தின் இலக்கைக் கவிழ்க்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் அந்த எண்ணை மறைக்காமல் வெளியிட்டதால்தான் நமக்குத் தெரிகிறது.

பி.பி. எண்ணெய் நிறுவனம் 2030-க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்பதாக 2020-ல் சொன்னது. 2023-ல் அதை 25 சதவீதமாக்கியது. 2025-ல் அந்த இலக்கையே கைவிட்டு உற்பத்தியைக் கூட்டப்போவதாக அறிவித்தது. புதிய விமானங்களும் மாற்று எரிபொருளும் போதிய அளவில் கிடைக்கவில்லை என்று சொல்லி ஏர் நியூசிலாந்து 2024-ல் தன் 2030 இலக்கை விட்டுவிட்டது. இவர்களை யாரும் தண்டிக்கவில்லை. ஷெல் 2030-க்குள் 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2021-ல் நெதர்லாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், உமிழ்வைக் குறைக்கும் பொறுப்பு ஷெல்லுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் இத்தனை சதவீதம் என்று கட்டளையிட முடியாது என்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

இந்தியாவில் நிலைமை மெதுவாக மாறுகிறது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் தங்கள் சூழல், சமூகப் பொறுப்புக் கணக்கை வெளியிட வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாக்கியது. கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை 2023-ல் அறிவித்த மத்திய அரசு, 2025 அக்டோபரில் சிமெண்ட், அலுமினியம், காகிதம், குளோர்-அல்கலி ஆகிய நான்கு துறைகளின் ஆலைகளுக்கு உமிழ்வு இலக்குகளை வகுத்தது. அவை விகித இலக்குகள். வீடும் பாலமும் இன்னும் நிறையக் கட்ட வேண்டிய நாடு மொத்த டன்னுக்கு வரம்பு கட்டத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டப்படியான இலக்கு வந்துவிட்டதால் மொத்தப் புகை குறையும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

பங்கு வாங்குபவராக இருந்தாலும், அந்த நிறுவனத்தில் வேலை பார்ப்பவராக இருந்தாலும், அதன் ஆலைக்குப் பக்கத்தில் வசிப்பவராக இருந்தாலும், அடுத்தமுறை ‘நிகர பூஜ்ஜியம்’ விளம்பரத்தைப் பார்க்கும்போது ஐந்து கேள்விகள் கேளுங்கள். எந்த வட்டம்வரை கணக்கெடுத்தீர்கள்? எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறீர்கள்? குறைவது மொத்த டன்னா, விகிதமா? எவ்வளவு குறைப்பீர்கள், எவ்வளவுக்குக் கிரெடிட் வாங்குவீர்கள்? சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு எத்தனை டன் குறைந்தது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத நிறுவனத்தின் 2050 வாக்குறுதியை நம்ப வேண்டியதில்லை. அன்று அதற்குப் பதில் சொல்ல, இன்று கையெழுத்திட்டவர்கள் எவரும் அந்த நாற்காலியில் இருக்கப்போவதில்லை.